மாமியின் பிறந்தநாளில் ஒரு சார்ல்ஸ்டன்

நடந்தவை, வரிசையாக:

1. அரவிந்தனின் அம்மாவுக்கு அறுபது வயது நிறைந்தது.
2. அவர் முன்னால் நான் சார்ல்ஸ்டன் நடனம் ஆடினேன்.
3. ஆட்டத்தின் நடுவே கேக் மேசைக்கு அடியில் போய் நின்றேன். (நின்றேன் என்பது ஒரு மரியாதைக்கு.)

நான் ஈப்போவில் பிறந்தவள். இப்போது பென்ரோஸ் என்ற புறநகரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். பட்டியல் போடாமல் காய்கறிகூட வாங்க மாட்டேன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அரவிந்தனைச் சந்தித்தது நடன வகுப்பில். அதுதான் சிக்கல். எங்கள் கல்யாணத்துக்கு அவன் அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டிப்பிடித்து ஆடுகிற இடத்தில் கண்ட பிள்ளையோ என்று மட்டும் அவனிடம் கேட்டிருந்தார்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ரானுயி சமூக மண்டபத்தில் நடந்த அவருடைய பிறந்தநாள் விருந்தைத் தேர்ந்தெடுத்தேன். சார்ல்ஸ்டனை ஆளை ஆள் தொடாமலே ஆடலாம். கையை வீசி, முழங்காலைத் திருப்பி, காலை முன்னும் பின்னும் உதைத்தால் போதும்.

முதலில் ஐந்து நிமிடம் வரலாறு. (யாரும் கேட்கவில்லை.) அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் என்ற துறைமுக ஊர்ப் பக்கத்துக் கறுப்பின மக்களின் ஆட்டம் இது, நியூயார்க் மேடை ஏறியதும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஊர் ஊராக உதைக்க ஆரம்பித்தார்கள் என்றேன். பெண்கள் கூந்தலை வெட்டிக்கொண்டு ஆடியதில் பெற்றோர் பதறினார்கள், சில இடங்களில் தடையே போட்டார்கள் என்றும் சொன்னேன். முன்வரிசையில் ஆன்ட்டியின், அதாவது அரவிந்தன் அம்மாவின், முகத்தைப் பார்த்த பிறகுதான், அந்தக் குறிப்பை நீக்கியிருக்கலாம் என்று பட்டது.

அடுத்தது பொறியியல். பாதம் சுலபமாகத் திரும்ப உராய்வு குறைய வேண்டும். பழைய நடனக் கூடங்களில் தரையில் பவுடர் தூவுவார்கள் என்று படித்திருந்தேன். எவ்வளவு என்று படிக்கவில்லை. ஒரு டப்பா முழுக்கத் தூவினேன். வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றியிருந்தோம். என் காலில் வெறும் காலுறை.

மூன்றாவது உதையில் கால் போன திசையில் நானும் போனேன். பிடிக்க வந்த அரவிந்தன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். மேசை சாய்ந்து, கேக் மிகுந்த நிதானத்தோடு என் மடியில் இறங்கியது. தூக்கிவிட வந்த ஆன்ட்டி பட்டுச் சேலையோடு வழுக்கி, என் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஆன்ட்டி தன் கையில் அப்பியிருந்த கிரீமைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இவ்வளவுதானோ, இன்னும் இருக்கோ?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு ஆன்ட்டி." (பொய் சொல்ல நேரமில்லை.)

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்தேன், சிரிப்பு.

"அப்ப எழும்பு. முதல்ல உந்தப் பவுடரைக் கூட்டு. பிறகு ஆடி முடி."

கூட்டினோம். ஆடி முடித்தோம்.

இப்போது அந்த வீட்டில் கறி அடிப்பிடித்தாலும் கார் நின்றுபோனாலும் யாராவது ஒருவர் கேட்பார்: இவ்வளவுதானோ, இன்னும் இருக்கோ?

தை மாதம் கல்யாணம். மாமி (ஆன்ட்டி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்) எங்கள் நடன வகுப்பில் சேர்ந்து மூன்று வாரமாகிறது. கை வீச்சு நன்றாக வருகிறது. உதை இன்னும் வரவில்லை.