வேஸ்ட் சார் வீட்டு கேஸ்

ஆம்பூர் பஜாரில் சைக்கிளில் போகும்போது பின்னால் நாய்களும் தலைக்கு மேல் காக்கைகளும் புடைசூழப் போன ஒரே மனிதர் வேஸ்ட் சார்தான். ஒருமுறை ஊருக்கு மந்திரி வந்தபோதுகூட அவ்வளவு விசுவாசமான கூட்டத்தை நான் பார்க்கவில்லை. மந்திரிக்குப் பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் வழியிலேயே டீக்கடையில் ஒதுங்கிவிட்டார்கள். வேஸ்ட் சாரின் நாய்கள் அவர் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கலையும்.

காரணம், கேரியரில் கட்டியிருந்த தகர டின். தோல் ஷாப்பில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுப்பார்கள். அதில் கொஞ்சம் வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர்களுக்குப் போகும். மிச்சம் குப்பையாகக் குவிந்து ஊர் முழுக்க மணக்கும். அந்தக் குப்பையைத்தான் எங்கள் தோல் ஷாப்பின் கெமிக்கல் சூப்பர்வைசரான இவர் தினம் ஒரு டின் நிறைய வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். யாராவது, “இன்னா சார், வேஸ்ட்ட எடுத்துக்கினு போறீங்க” என்று கேட்டால் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு, “வேஸ்ட்டுன்னு ஒண்ணு ஒலகத்துலயே கெடையாது” என்று ஆரம்பிப்பார். கேட்டவர் வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் நிற்க வேண்டியதுதான். இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நான் திருப்பத்தூரிலிருந்து அந்தத் தோல் ஷாப்பு ஆபீசில் கிளார்க்காக வந்து சேர்ந்தேன். வேஸ்ட் சார் வீட்டு மொட்டை மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. வாடகை ரொம்பக் கம்மி. அது ஏன் அவ்வளவு கம்மி என்று முதல் நாள் ஜன்னலைத் திறக்கும் வரை எனக்குத் தெரியாது.

நான் குடிபோன சமயத்தில் அவர் சூரியனைப் பிடித்திருந்தார். ஒரு மரப்பெட்டி. உள்ளே கறுப்புப் பெயின்ட், மேலே கண்ணாடி, மூடியின் உட்பக்கம் சலூனில் இருந்து வாங்கிய பழைய நிலைக்கண்ணாடி. அதில் விறகில்லாமல் பிரியாணி செய்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் முன்பே பாத்திரத்தை வைத்துவிட்டார். வெயில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கால் மணிக்கொரு தரம், வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திறக்கும் ஒவ்வொரு தடவையும் சூடு வெளியே போய்விடும். இதற்கிடையில் நிலைக்கண்ணாடி வெளிச்சம் எதிர்வீட்டு மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த அம்மாள் கண்ணில் அடித்து, அந்த அம்மாள் பிழிந்தது பாதி துணியிலும் பாதி தரையிலும் விழுந்தது. சாயந்திரம் நாங்கள் சாப்பிட்டது பிரியாணியும் இல்லை, அரிசியும் இல்லை. அவர் மட்டும், “சூரியன் மேல தப்பில்ல, எனக்குத்தான் பொறுமை இல்ல” என்று நியாயமாகச் சொன்னார்.

அதற்கு அடுத்து வந்ததுதான் கேஸ் பிளான்ட்.

பின்கட்டில் கிணறு மாதிரி ஒரு குழி வெட்டிச் செங்கல் கட்டினார். அதில் கவிழ்த்துப் போட, ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம் செய்தார். சாணியைக் கரைத்து ஊற்றினால் உள்ளே கேஸ் உண்டாகி டிரம் மேலே எழும்பும். டிரம்மின் உச்சியிலிருந்து ஒரு குழாய் சமையலறை அடுப்புக்குப் போகும். அந்தக் காலத்தில் அரசாங்கமே கிராமங்களில் சாண எரிவாயுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் சாணியோடு தோல் ஷாப்புக் குப்பையையும் போட்டால் ஊரே சுத்தமாகிவிடும், பாலாற்றங்கரையில் குவிகிறதெல்லாம் அடுப்பில் எரிந்துவிடும் என்று எங்கள் தெருவில் நினைத்தது அவர் ஒருவர்தான்.

வீட்டுக் கக்கூசையும் அதோடு இணைத்துவிட்டார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாடியேறி வந்தார்.

“தம்பி, ஊருக்குப் போறியாமே?”

“ஆமா சார். அம்மாவப் பாத்து ரொம்ப நாளாச்சு.”

“போய்ட்டு வா. பெத்தவங்கள பாக்காம இருக்கலாமா. ஞாயித்துக்கெழம காலைலயே வந்துடேன்.”

“ஏன் சார், வேல எதுனா இருக்கா?”

அவர் பின்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “வேல ஒண்ணும் இல்ல. நீ இல்லன்னா பிளான்ட்டுக்கு வரவு கம்மியாவுது.”

ஆம்பூரிலேயே உறவினர் வந்தால் மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்ட வீட்டுக்காரர் அவர்தான். வந்தவர்களை அவசரப்பட்டுக் கிளம்ப விடமாட்டார். “இன்னும் ரெண்டு இட்லி வெய்யி அவருக்கு” என்று அவர் உபசரிப்பதில் பொய்யே இருக்காது.

இட்லி வைக்கவேண்டியவர் அவர் மனைவி. வேலூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினம் பஸ்ஸில் போய் வருவார். தெருவே அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டது. வேஸ்ட் சாரும் அப்படித்தான் கூப்பிட்டார். பிளான்ட்டில் முதன்முதலாக நீல ஜ்வாலை வந்த அன்று அவர் சிஸ்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அடுப்புக்கு முன் நிறுத்தினார். சிஸ்டர் பார்த்தார்.

“நல்லா எரியுது. நீங்களே சமைச்சுக்கோங்க.”

“ஏன் சிஸ்டர்?”

“ஆஸ்பத்திரில நாள் பூரா பெட்பேன் தூக்கிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்து அதுலயே சமைக்கணுமா?”

அன்றிலிருந்து சிஸ்டரின் மண்ணெண்ணெய் ஸ்டவ் சமையலறையின் ஒரு மூலையிலும், சாரின் கேஸ் அடுப்பு இன்னொரு மூலையிலும் எரிந்தன. சிஸ்டர் குழம்பும் சோறும் வைப்பார். சார் தன் அடுப்பில் வெந்நீர் மட்டும் வைப்பார், வேண்டிய அளவுக்கு மேலேயே வைப்பார். “சிஸ்டர், வெந்நீர் வேணுமா?” என்று ஒரு நாளைக்குப் பலமுறை கேட்பார். வேண்டாம் என்று பதில் வரும். அந்த வெந்நீரெல்லாம் மாடிக்கு வந்துவிடும். சித்திரை வெயிலில் வெந்நீரில் குளித்தவன் ஆம்பூரில் நான் ஒருவன்தான்.

சாணி மட்டும் போட்ட வரைக்கும் டிரம் நன்றாக எழும்பியது. தோல் ஷாப்புக் குப்பையைக் கலந்த பிறகு மெல்ல இறங்கி, கடைசியில் குழிக்குள் உட்கார்ந்தேவிட்டது. நுரை மட்டும் பொங்கி வழிந்தது. வேஸ்ட் சார் ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் டிரம்மின் பக்கத்தில் போய் நிற்பார். கையால் தட்டிப் பார்ப்பார். ஒருநாள் அதன் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். துணி காயப்போட வந்த சிஸ்டர் இதைப் பார்த்துவிட்டார்.

“சுண்ணாம்புல ஊறினத அப்பிடியே கொட்றீங்க. ஒங்களுக்கு ஒரு சொம்பு சுண்ணாம்புத் தண்ணி குடுத்தா நீங்க எந்திரிச்சு நிப்பீங்களா?”

கேலிக்குத்தான் சொன்னார். வேஸ்ட் சார் டிரம்மை விட்டுத் தலையைத் தூக்கி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாளிலிருந்து குப்பையைத் தண்ணீர் விட்டு அலசி அலசிச் சுண்ணாம்பைப் போக்கிப் போட ஆரம்பித்தார். அடுத்த மாதம் டிரம் எழும்பியது. அதோடு வாடையும் எழும்பியது. அலசுகிற வாடை, காத்திருக்கிற வாடை, கலக்குகிற வாடை என்று மூன்று தினுசு. தெருவில் அத்தனை பேருக்கும் கஷ்டம்தான். ஆனால் பிழைப்பே போனது அடுத்த வீட்டு பாய்க்கு.

அவர் அத்தர் வியாபாரி.

வீட்டு முன்னறையிலேயே கடை. பஞ்சில் தொட்டு, வாடிக்கையாளர் புறங்கையில் தடவி, “மோந்து பாருங்க” என்பார். ஒருநாள் சுவரேறி எட்டிப் பார்த்துச் சொன்னார்.

“சார், ஒங்களுக்கும் நமக்கும் இத்தினி வருசமா ஒரு பேஜாரும் இல்ல. காலைல ஒரு கஸ்டமர் மல்லி அத்தர் மோந்துட்டு, இன்னா பாய், பழைய சரக்கான்னு கேக்கறான். ரோஜா குடுத்தேன். அதுக்கும் அதே மூஞ்சி. நான் இன்னா பண்றது?”

“பாய், இது ஊருக்கே நல்லது. ஆத்தங்கரைல அழுவுறத நாம எரிக்கறோம்.”

“ஆத்தங்கரைல அழுவுனா எனக்கு தூரம் சார். இப்ப பக்கத்துல அழுவுது. பக்ரீத் வருது, வருசத்துலயே வியாபாரம் ஜாஸ்தி ஆவுற நேரம். அதுக்குள்ள டிரம்ம எடுத்துடுங்க. இல்லன்னா முனிசிபாலிட்டிக்குப் போவேன். ஒங்க மேல கோவத்துல இல்ல. வேற வழி இல்ல.”

அன்று இரவு எனக்கும் கீழேதான் சாப்பாடு. சாப்பிடும்போது வேஸ்ட் சார், “எடுத்துடட்டுமா சிஸ்டர்?” என்று கேட்டார். சிஸ்டர், “எடுத்துடுங்க” என்று சொல்வார் என்று நான் நினைத்தேன். அவர், “பாய் பாவம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கடைசியில் சார் டிரம்மைப் பிரிக்க ஆளுக்குச் சொல்லிவிட்ட வாரத்தில்தான் மழை பிடித்தது.

விடாத மழை. பாலாற்றில் தண்ணீர் வந்ததைப் பார்க்கக் குடையோடு போன ஜனம் குடையில்லாமல் திரும்பியது. ஆள் வரவில்லை, பஸ் வரவில்லை, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை. விறகெல்லாம் நனைந்து, பற்றவைத்தால் புகை மட்டும் வந்தது. ஒரு காலையில் சிஸ்டரின் ஸ்டவ்வும் பொக்கென்று அணைந்தது. சிலிண்டர் கேஸ் எல்லாம் அப்போது எங்கள் தெருவுக்குக் கேள்விப்பட்ட விஷயம் மட்டும்தான்.

அப்போது பின்கட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு பாய் நின்றார். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்து, குழந்தை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று குழந்தைக்குப் பசும்பாலைக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாய் கையில் பால் சொம்பு. தலையில் கோணி.

“சிஸ்டர், ஒங்க ஸ்டவ்வு எரியுதா?”

“எண்ண இல்ல பாய்.”

பாய் கிளம்பவில்லை. அவர் பார்வை சமையலறையின் இன்னொரு மூலைக்குப் போனது. பிறகு தயங்கிக் கேட்டார். “அந்த அடுப்புல காச்சுனா... கொழந்தைக்குக் குடுக்கலாமா சிஸ்டர்? அசிங்கம் ஒண்ணும் ஒட்டாதுல்ல?”

வேஸ்ட் சார் கதவோரமாக நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, சிஸ்டரைத்தான் பார்த்தேன். சிஸ்டர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

“நெருப்புல ஏது பாய் அசிங்கம். கொண்டாங்க பால.”

சொல்லிவிட்டார். பாத்திரத்தில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தார். ஜ்வாலை வந்தது, ஆனால் விரல்நுனி அளவுக்குத்தான் வந்தது. மழைக் குளிரில் கேஸ் அழுத்தம் இல்லாமல் கிடந்தது.

“டிரம்மு மேல வெயிட்டு வேணும்” என்று வேஸ்ட் சார் மழையில் ஓடினார். கல்லைத் தூக்கி வைத்தார், வழுக்கி விழுந்தது. அவரும் கூடவே விழுந்தார். அப்புறம் எழுந்து பாயை மேலும் கீழும் பார்த்தார். பாய் நல்ல கனம்.

“பாய், தப்பா நெனக்காதீங்க. மேல ஏறி ஒக்காருங்க.”

“இது மேலயா?”

“கொழந்தைக்கு.”

பாய் ஏறினார். டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சமன் செய்ய எதிர்ப்பக்கம் என்னை ஏற்றினார். நான் அப்போது ஒல்லி, போதவில்லை. என் மடியில் அம்மிக்கல்லை வைத்தார். மழையில் ஒரே குடைக்குக் கீழே அத்தர் பாயும் அம்மிக்கல்லோடு நானும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்க, டிரம் மெதுவாக இறங்கியது. உள்ளே சமையலறையிலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது.

“வருது. நல்லா வருது. எறங்கிடாதீங்க.”

பாய் மேலிருந்து சந்தன அத்தர் வாசனை வந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து வந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் தெருவில் பரவியது. மழை விடும் வரைக்கும் எங்கள் பின்கட்டில் பாத்திரத்தோடு வரிசை நின்றது. பால், கஞ்சி, கைக்குழந்தைக்கு வெந்நீர், அவ்வளவுதான் என்று சிஸ்டர் சட்டம் போட்டார். வடாம் அம்மாள் ரசம் வைக்க வந்தபோது, நர்ஸ் பார்வையில் ஒரு பார்வை பார்த்துத் திருப்பி அனுப்பினார். யார் அடுப்பைப் பயன்படுத்தினாலும் அவர்கள் வீட்டு ஆண்பிள்ளை டிரம்மில் உட்கார வேண்டும் என்று சார் ஒரு சட்டம் போட்டார். ஊரில் முக்கியப் புள்ளிகள் பலர் அந்த வாரம் அங்கே உட்கார்ந்து எழுந்தார்கள்.

மழை விட்டது. பிரிக்க ஆள் வந்தான். பாயே அவனை வாசலில் நிறுத்தி, “இன்னா அவசரம் ஒனக்கு?” என்று திருப்பி அனுப்பினார். பிறகு சாரிடம் வந்து, எடுக்கவேண்டாம், கரைக்கிற தொட்டிக்கு இறுக்கமாக ஒரு மூடி மட்டும் போட்டுவிடுங்கள் என்றார். சார் மூடி போட்டார். வாடை முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் பக்ரீத்துக்கு பாய் கடையில் வியாபாரம் நடந்தது.

தோல் ஷாப்பில் இதைப் பெரிதாகச் செய்யலாம், பாய்லரையே எரிக்கலாம் என்று வேஸ்ட் சார் மேனேஜரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மேனேஜர் ஒவ்வொரு தடவையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் வேலூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் வரைக்கும் அவர் டின்னைக் கட்டிக்கொண்டுதான் போய் வந்தார், நாய்களும் போய் வந்தன. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இப்போது அவரை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும். அடுத்தாற்போல் வருவது மழை விட்ட பிறகு ஒரு சாயந்திரம்.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டது. சிஸ்டரின் ஸ்டவ் நிறைய எண்ணெயோடு மூலையில் இருந்தது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிஸ்டர், யாரும் சொல்லாமலே கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அதில் உலை வைத்தார். அரிசி போடும்போது, “தண்ணி சீக்கிரம் கொதிக்குது” என்றார்.

வேஸ்ட் சார் இதை என்னிடம் சொல்ல மாடியேறி வந்தார். சொன்னார். இறங்கிப் போனார். திரும்ப வந்து சொன்னார். சாப்பிட்ட பிறகும் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “சீக்கிரம் கொதிக்குதுன்னுது தம்பி சிஸ்டரு” என்றார். “அப்பிடியா சார்” என்று நானும் ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்படுகிறவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.