குக்கர் அண்ணனும் ஆறு தட்டுகளும்

ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்து, உருகி ஒரே கட்டியாகிக் கிடந்த, பாக்டீரியா வளர்க்கும் ஆறு பிளாஸ்டிக் தட்டுகளை இடுக்கியால் வெளியே இழுத்தபோதுதான் ஆய்வக உதவியாளருக்குப் போன் வந்தது.

“அண்ணே, நாளைக்கு நாலு மணிக்குப் பாராட்டு விழால்ல? ஒரு ரகசியம் சொல்றேன். ‘வாழ்த்துகள்’னு எழுத்துக்கு ஒண்ணா ஆறு தட்டுல எழுதி வெச்சிருக்கேன். நம்ம ஒளிர்ற பாக்டீரியாவாலயே! வெளிச்சத்துல பார்த்தா சும்மா வெறும் தட்டு மாதிரி இருக்கும். லைட்டை அணைச்சா நீலமா மின்னும். யாரும் கை வெச்சிடாம பார்த்துக்கோங்க.”

பேசியவன் மூத்த ஆராய்ச்சி மாணவன்.

உதவியாளர் இடுக்கியில் தொங்கிய கட்டியைப் பார்த்தார். ஆறு தட்டு. ஜன்னலோரம் பெயர் ஒட்டாமல் கிடந்தது. குப்பை என்று நினைத்து வேகவைத்துவிட்டார்.

“கேக்குதாண்ணே?”

“கேக்குதுப்பா. பத்திரமா இருக்கு” என்றார்.

கடல் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அவருக்கு இது இருபத்திரண்டாவது வருடம். ஆட்டோகிளேவ் என்கிற அந்த ராட்சத பிரஷர் குக்கரை இயக்குவதால் மாணவர்கள் அவரைக் ‘குக்கர் அண்ணன்’ என்பார்கள். ‘கேட்காமல் எதையும் தொடாதே’ என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பவரும் அவரேதான். இப்போது அந்தத் தாள் பக்கம் திரும்பவே அவருக்குக் கூசியது.

விழா ‘கணவாய்’க்கு. கணவாய் மீனின் உடலிலிருந்து அந்த ஒளிரும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, நாலு வருடம் அதனோடு மல்லுக்கட்டி, இளம் ஆய்வாளர் விருது வாங்கிய பெண். பெற்ற தாய்கூட இப்போது அவளை அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். அந்தத் தாயும் நாளை வருகிறாள்.

மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

“ஒப்புக்கிட்டுப் போங்களேன். தலையையா எடுத்துடுவாங்க?”

“எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? நானே திரும்ப எழுதிடலாம்னு பார்க்கிறேன்.”

“உங்க கையெழுத்து எனக்கே புரியாது. பாக்டீரியாவுக்கு எங்கே புரியப் போகுது?”

அவர் போனை வைத்துவிட்டார். குளிர்ப்பெட்டியிலிருந்து கணவாயின் பாக்டீரியாக் குழாயை எடுத்தார், கேட்காமல். கம்பி முனையில் தொட்டுத் தொட்டு ஆறு புதிய தட்டுகளில் எழுதினார். ‘வா’ சுமாராக வந்தது. ‘ழ்’ அடியில் சுழிக்கும்போது கம்பி தட்டிலிருந்த கூழைக் கீறிக்கொண்டு போனது. ‘ள்’ எழுதும்போது சட்டையெல்லாம் வியர்வை. தட்டுகளைக் கறுப்புத் தாளில் சுற்றிப் பழைய பெட்டி ஒன்றில் ஒளித்து வைத்தார்.

மறுநாள் மதியம் இருட்டறைக்குள் பெட்டியைத் தூக்கிப்போய்த் திறந்தார். மின்னியது! ஆறும் நீலமாக மின்னின. தட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு நிமிர்ந்த நேரம், கதவைத் தட்டினான் மூத்தவன்.

“அண்ணே, உள்ளே இருக்கீங்களா?”

அவர் திடுக்கிட்டதில் ஒரு தட்டு நழுவிக் கவிழ்ந்து விழுந்தது. ‘ழ்’ தரையோடு தரையாக அப்பிக்கொண்டது.

“பாத்ரூம்ல இருக்கேன்பா!” என்றார்.

“இது இருட்டறைண்ணே.”

“அதான்... இருட்டா இருக்கு.”

அவன் சிரித்தபடி போய்விட்டான். அவர் மருந்துத் தண்ணீர் ஊற்றித் தரையைத் துடைத்தார். ஒரு எழுத்துதானே? அதுவும் நடுவில் ஒரு மெய்யெழுத்து. யார் கவனிக்கப் போகிறார்கள்? இடைவெளி தெரியாமல் நெருக்கி வைத்துவிட்டால் ஆயிற்று.

நாலு மணி. கூட்ட அறை நிறைந்துவிட்டது. துறைத் தலைவர் முன்வரிசையில். பக்கத்தில் கணவாயின் அம்மா, புதுப் புடவையில், கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி. மூத்தவன் அறையில் இல்லாத நேரம் பார்த்து, உதவியாளர் ஐந்து தட்டுகளையும் மேசைமேல் நெருக்கமாக வைத்து, மேலே துணியைப் போட்டார்.

“நம்ம மாணவர்கள் ஏதோ ஆச்சரியம் வெச்சிருக்காங்களாம். லைட்டை அணைங்க” என்றார் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியை.

உதவியாளர் துணியை உருவினார். இருட்டில் அழகாக, நீலமாக, எழுத்துகள் எழுந்தன.

வாத்துகள்.



“வாத்துகளா?” என்றார் துறைத் தலைவர். “யாரு?”

பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கணவாயின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளிடம் மெல்லக் கேட்டாள். அது எல்லோருக்கும் கேட்டது.

“ஏம்மா, நாலு வருஷமா வாத்தைப் பத்தியா படிச்சே? மீனுன்னு சொன்னியே?”

உதவியாளருக்குக் காதெல்லாம் எரிந்தது. இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கப்பட்டார்.

“அம்மா, மன்னிச்சிடுங்க. தப்பு என்னோடது” என்று சொன்னார். “இவங்க சீனியர் பையன் ஆசையா எழுதி வெச்ச ஆறு தட்டையும் நான் குப்பைன்னு குக்கர்ல போட்டுட்டேன். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நானே எழுதினேன். அதுலயும் ஒண்ணைக் கீழே போட்டுட்டேன். உங்க பொண்ணு வாத்து இல்லம்மா. இந்த லேப்ல ஒரே வாத்து நான்தான்.”

கதவு திறந்தது. மூத்தவன் உள்ளே வந்தான். அவன் கையிலிருந்த தாம்பாளத்தில் ஆறு தட்டுகள் நீலமாக மின்னின: வாழ்த்துகள்.

“என்னண்ணே சொல்றீங்க? என் தட்டு முதல்லேர்ந்து மேடம் ரூம் அலமாரியிலதானே இருக்கு!”

அறை அதிரக் கைதட்டினார்கள். யாரோ லைட்டைப் போட்டார்கள். கணவாயின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பேராசிரியை உதவியாளரின் தோளைத் தட்டி, “இதுக்கா ஒரு ராத்திரி முழுக்கத் தவிச்சீங்க?” என்றார். கணவாய் முதல் கேக் துண்டை அவர் கையில்தான் வைத்தாள். உதவியாளருக்கு நேற்றிலிருந்து அடைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது.

அப்போது சுவரோரம் நின்றிருந்த முதலாண்டு ஆராய்ச்சி மாணவி, கைதட்டாமல், தயங்கித் தயங்கி அவர் அருகே வந்தாள்.

“அப்போ நீங்க வேகவெச்சது யாரோட தட்டுண்ணே? என்னோட ஆறைத்தான் நேத்திலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்.”