பாதி வீடியோவும் ஆறு கோழியும்

செல்போனுக்குள் உட்கார்ந்துகொண்டு கோழி வளர்ப்பு உபதேசம் செய்த புண்ணியவானே! உன்னால்தான் ஐயா, உன் ஒருத்தனால்தான், ஆம்பூரில் ஒரு கௌரவமான தோல் வியாபாரி சொந்த வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறார்.

அவர் பெயர் அப்துல் வஹாப். ஷூ கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி, பெல்ட் தைக்கிறவர்களுக்கு விற்பவர். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியை உதைபட்டுக் கற்றார். பேரத்தில் அவருக்கு ஒரே வித்தைதான். பாதிப் பேச்சில் "போய்யா!" என்று கத்திவிட்டு எழுந்து நடப்பார். எதிராளி பின்னாலேயே ஓடிவந்து, "பாய், பாய், நில்லுங்க!" என்பான். முழுப் பேச்சையும் கேட்கிறவன் ஏமாளி என்பது அவர் சித்தாந்தம்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் மூட்டைகள் கூரையை முட்டின. மழைக்காலம் வேறு வருகிறது. தோல் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் முதல் காலி. ஷெட்டை நீட்டிக் கட்டலாம் என்றால், பக்கத்திலேயே மனைவி அஃப்ரோஸின் தோட்டம். கத்திரி, தக்காளி, புதினா. அவளிடம் தோட்டத்தைக் கேட்பதைவிடக் கிட்னியைக் கேட்கலாம். யோசித்தாவது பார்ப்பாள்.

அப்போதுதான் நீ வந்தாய். "தோட்டத்துல கோழியை அவுத்து விட்டா என்ன ஆகும் தெரியுமா? நாத்தைப் பிடுங்கும், வேரைக் கிளறும், ரெண்டே வாரத்துல கட்டாந்தரை!" என்றாய். கட்டாந்தரை! வஹாப் பாய்க்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. வழக்கப்படி வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். நேரே கோழிக்காரர் காசியிடம் போனார்.

"நாட்டுக்கோழி ஆறு வேணும். நல்லா கிளறுமா?"

"பாய், இதுங்க சிமென்ட் ரோட்டையே கிளறும்."

"கெட்ட குணம் ஏதாவது இருக்கா?"

"ஐயோ பாய், அதெல்லாம்..."

"இருந்தா சொல்லு, கூட ரெண்டு ரூபா தர்றேன்."

கூடையை வீட்டில் இறக்கும்போது பாய் முகத்தில் தேன் வழிந்தது.

"அஃப்ரோஸ், நீ ஒண்டியா கஷ்டப்படறியேன்னு ஆள் பிடிச்சாந்திருக்கேன். புழுவைத் தின்னும், களையை எடுக்கும், எருவும் அதுங்களே போடும்."

அஃப்ரோஸ் கோழிகளைப் பார்த்தாள். கணவரின் சிரிப்பைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தாள்.

"என் மேல திடீர்னு இன்னா அக்கறை?"

"பொண்டாட்டி மேல அக்கறை இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். வழக்கமில்லையே."

பழைய போனை அவளிடம் விட்டுவிட்டு, புதுப் போனோடு இரண்டு வாரத் தோல் கொள்முதலுக்குக் கான்பூர் போனார் பாய். ரயிலில் திரும்பி வரும்போதே கொத்தனாருக்குப் போன். இறங்கியதும் அவரையும் கூட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பின்கதவைத் திறந்தார்.

கத்திரிச் செடி ஒவ்வொன்றும் காய் தாங்காமல் சாய்ந்து நின்றது. சுற்றிலும் வேலியாக, ஓட்டை ஓட்டையான இரும்புச் சட்டங்கள். டேனரியில் பதனிட்ட தோலை இழுத்துப் பிடித்துக் காயவைக்கிற சட்டங்கள். என்றைக்கோ பாய் "போய்யா!" போட்டு அடிமாட்டு விலைக்கு வாங்கி, எதற்கென்று தெரியாமல் சுவரோரம் சாத்திவைத்தவை. வேலிக்கு வெளியே, காய்ப்பு முடிந்த தக்காளிப் பாத்தியில், ஆறு கோழிகளும் தலைநிமிராமல் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார் பாய்.

"உங்க பழைய போனுதான். பாதியில நிறுத்தி வெச்சிருந்தீங்களே, மீதியை நான் பார்த்தேன். 'இப்படி நாசமாகாம இருக்க என்ன செய்யணும்'னு அங்கதாங்க ஆரம்பிக்குது."

கொத்தனார் பொறுமை இழந்தார். "பாய், அஸ்திவாரம் எங்கே தோண்டறது?"

"அஸ்திவாரமா?" என்றாள் அஃப்ரோஸ்.

"கோ... கோழிக்கு ரூம் கட்டத்தான்!" என்று பாய் உளறினார்.

"எதுக்கு வீண் செலவு? நம்ம ஷெட் இருக்குதே. பூனை, கீரி எதுவும் வராது. மூட்டைங்களை எடுத்துடுங்க."

மதியம் சாப்பாட்டில் பேரம் தொடங்கியது.

"ஷெட்டுல பாதி கோழிக்கு, பாதி எனக்கு."

"முழுசும் கோழிக்கு."

"கால் பங்காவது குடு."

"உங்க மூட்டையெல்லாம் படுக்கிற ரூமுக்குப் போவட்டும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை ஆறையும் அறுத்துடுவேன்!"

"வேலை செய்யறவங்களை யாராவது அறுப்பாங்களா? இந்த வீட்டுல சும்மா சாப்பிடறது ஒரே ஒருத்தர்தான். யாருன்னு சொல்லட்டுமா?"

"போய்யா!" போட வேண்டிய கட்டம். பாய் வாயைத் திறப்பதற்குள் அஃப்ரோஸ் எழுந்துவிட்டாள். பிரியாணி தேக்சாவைத் தூக்கினாள். அதன் மூடிமேல் கத்திரிக்காய்க் கிண்ணத்தை வைத்தாள். பக்கத்து வீட்டுத் தேவகி இருக்கும் திசையில் நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

அவள் வாசலைத் தாண்டும் வரைக்கும் பாய் மானத்தோடு உட்கார்ந்திருந்தார். வாசனை தெருவைத் தொட்டதும், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னால் ஓடினார்.

"நில்லும்மா! நில்லு! முழுசும் கோழிக்கே!"

ஆகவே, செல்போன் பெரியவரே! கட்டிலுக்கு அடியிலும் தலைமாட்டிலும் தோல் மூட்டை. நடுவில் வஹாப் பாய். ஷெட்டில் கால்நீட்டித் தூங்குவது உன் ஆட்கள். வம்பை மூட்டியவன் நீ, தீர்க்க வேண்டியவனும் நீதான். நேரில் வா. அந்த ஆறு பேரிடமும் பேசி ஷெட்டைக் காலி செய்துகொடு. காலையில் மட்டும் வராதே. அப்போது பாய், அஃப்ரோஸ் கைகாட்டுகிற அடுத்த பாத்திக்கு வேலிச் சட்டத்தை நகர்த்திக்கொண்டிருப்பார்.