மூன்றாவது பீரியடுக்கு ஒரு மன்னிப்பு

அன்பும் மதிப்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் பல்வலியும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். “டேய்” என்று தொடங்கினால் பிரிக்காமலே இழுப்பறையில் போட்டுவிடுவாய். சம்பந்தி கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. அதற்காகத்தான் இந்த மரியாதை. இதோடு முடிந்தது.

டேய், மூன்று ஞாயிறாக நீ போன் செய்யவில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. காரணத்தை உன் மனைவி சொல்லிவிட்டார்கள். நான் திருப்பித் தந்த அகராதிக்குள், நாம் வேலைக்குச் சேர்ந்த வருடத்துக் கால அட்டவணை இருந்ததாம். அதில் உன் பெயருக்கு எதிரே, “இவனுக்கு ஏழாம் வகுப்பு இ பிரிவு, அப்போதுதான் ஒழிவான்” என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததாம். கையெழுத்து என்னுடையதுதான்.

நினைத்துப் பார். ஒரே அறை, ஒரு ஸ்டவ், ஒரு குடை. நீ ஓவியம், நான் கணக்கு. புதிதாக வந்த அறிவியல் டீச்சர் நம் இருவர் தூக்கத்தையும் கெடுத்தார்கள். “இன்னிக்கு என்கிட்ட சாக்பீஸ் கேட்டாங்கடா” என்று நீ குதித்தாய். “என்கிட்ட டஸ்டரே கேட்டாங்க” என்று நான் புளுகினேன். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் அட்டவணை போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். டீச்சருக்கும் எனக்கும் மூன்றாவது பீரியடை ஓய்வாக்கி, உன்னை அறுபது வாண்டுகளிடம் அனுப்பினேன். “அஞ்சு நாளும் எனக்கே ஏண்டா இந்தக் கூட்டம்?” என்று சட்டையெல்லாம் பெயின்ட்டோடு வந்து கேட்டாய். “கணக்கு அப்படித்தாண்டா வருது” என்றேன்.

தப்புதான். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் என்னைப் பற்றிப் பேச எனக்கு வெட்கம். அதனால் உன்னைப் புகழ்ந்தேன். வருடம் முழுக்கப் புகழ்ந்தேன். கடைசியில் டீச்சர் என் கையில் உங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார்கள். உதாரணமாக, ஒரு பையன் காப்பியடிக்கப் போய், பக்கத்துப் பையனுக்கு நூறு மதிப்பெண் விழுந்தால் யாரைத் தண்டிப்பாய்?

இப்போதும் ஞாயிறு பத்து மணிக்கு நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போடுகிறேன். உன் மகள், “அப்பா இன்னிக்கும் கூப்பிடலையா மாமா?” என்கிறாள். “அங்கே சிக்னல் இல்லம்மா” என்கிறேன். உன் குரல் கேட்காத ஞாயிறு எனக்கு வேலை நாள் மாதிரிகூட இல்லை. மன்னித்துவிடு.

உன் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. பேரனுடைய முத்தம் ஒன்று இதோடு வருகிறது. தாளின் ஓரத்து ஈரம் அதுதான்.

என்றும் உன்,
கணக்கு வாத்தியார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் மனைவிக்குப் போனில் படித்துக் காட்டினேன். “பொய் எழுதாதீங்க சார், இல்லேன்னா நானே சொல்லிடுவேன்” என்கிறார்கள். சரி. நான் உன்னைப் புகழவே இல்லை. நீ குறட்டை விடுவது, பாலைப் பொங்கவிட்டு வேடிக்கை பார்ப்பது, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வது என்று உன் குறைகளைத்தான் தினமும் தக்க உதாரணத்தோடு சொன்னேன். “அதைக் கேட்டுத்தான் சார் தைரியமா சரின்னு சொன்னேன். கல்யாணத்துக்கப்புறம் புதுசா ஒண்ணுகூடக் கண்டுபிடிக்க முடியல” என்கிறார்கள். டேய், என்னைத் திட்ட உனக்கு இப்போதுதான் சரியான காரணம் கிடைத்திருக்கிறது. ஞாயிறு வரை காத்திருக்காதே, உடனே கூப்பிடு.