குலுக்க ஓர் ஆள்

நடுவானில் விமானம் குலுங்கினால் நான் பயப்படவே மாட்டேன். காரணம், என் விமானம் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது படுக்கையறையைவிட்டு நகர்ந்ததே இல்லை.

கணினியில் விமானம் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. அதில் ஒரு குறை: மேகத்துக்குள் நுழைந்தால் திரை மட்டும்தான் ஆடும், நாற்காலி கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாது. அதனால் சில ஆண்டுகளுக்கு முன், பாதி காற்றடைத்த லாரி டியூப்மேல் நாற்காலியை ஏற்றினேன். பின்னால் ஒருவர் நின்று ஆட்டினால் அசல் விமானம்தான். (தனியாக வாழ்பவன் அந்த ஒருவருக்கு எங்கே போவது? அதை யோசிக்காமலேயே டியூப் வாங்கிவிட்டேன்.)

அப்போதுதான் புக்கிட் மேராவிலிருந்து அக்கா, மாலதியை அழைத்து வந்தார். மாலதி கணவரை இழந்தவர். ஒரு கிளினிக்கில் கணக்காளர்.

"ஜாதகமெல்லாம் வேணாம் லா. ரெண்டு பேருக்கும் அம்பது ஆகப்போகுது. பேசிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா தேநீர் போடப் போனார். எனக்கும் ஆசைதான். என் சாப்பாட்டு மேசையின் எதிர் நாற்காலியில் பழைய செய்தித்தாள்களைத் தவிர யாரும் உட்கார்ந்து பல காலம் ஆகியிருந்தது.

மாலதி அறையை எட்டிப் பார்த்தார். "அது என்ன, டியூப்மேல நாற்காலி?"

விளக்கினேன்.

"நிஜமாவே குலுங்குமா?"

"நீங்க பின்னாடி நின்னு ஆட்டினா குலுங்கும்."

சிரித்துக்கொண்டே ஆட்டினார். பாவி நான், அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒரே சீரா ஆட்டாதீங்க. இது தொட்டில் இல்ல" என்றேன்.

"இப்படியா?"

"இடது பக்கம் கம்மியா இருக்கு. சொல்லாம கொள்ளாம ஆட்டணும்."

"கை வலிக்குதுங்க. டீ குடிச்சிட்டு வரலாமா?"

"இன்னும் மேகத்தையே தாண்டலைங்க."

இன்ஜின் சத்தமும் வேண்டுமென்று ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு வந்தது பாருங்கள் ஒரு குலுக்கல்! பல் கிடுகிடுத்தது, மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"அருமைங்க! இதான் அசல்! விட்டுடாதீங்க!" என்று கத்தியபடி திரும்பினேன்.

நாற்காலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தவர் அக்கா.

"டேய், அவங்க போயாச்சுடா! லிஃப்ட் வரைக்கும் விட்டுட்டு இப்பதான் வரேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. காதுல விழுந்துச்சா?"

மன்னிப்புக் கேட்டு மாலதிக்குச் செய்தி அனுப்பினேன். 'பரவாயில்லை. பத்திரமாகத் தரையிறங்குங்கள்' என்று பதில் வந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

இன்றும் சொந்தக்காரர் கல்யாண விருந்தில் உட்கார்ந்தால், யாராவது பின்னாலிருந்து என் நாற்காலியை உலுக்கி, "என்ன கேப்டன், ஆள் கிடைச்சாச்சா?" என்பார்கள். மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் உடனே திரும்பிப் பார்க்கமாட்டேன். பின்னால் ஒருவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டுமே.