‘அதே வீடு’ மேடம்

கோபப்படுவதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் ஊதியம் கொடுத்து வைத்திருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்தவரை, எங்கள் பொருளியல் ஆய்வு மையத்தின் களமேற்பார்வையாளர்தான். நியமன ஆணையில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆயினும் அவர் முழுநேரமும் செய்த பணி அதுவே. மின்விசிறி மெல்லச் சுழன்றால் அதன்மேல் கோபம். விரைந்து சுழன்று தாள்களைப் பறக்கவிட்டால் அதற்கும் கோபம். தேநீர் ஆறியிருந்தால் கடைக்காரர்மீது சினம். சுட்டால், ஊதிக் குடிக்கத் தெரியாத எங்கள்மீது. விவிலியத்தில் வரும் சாந்தமான பெண்ணொருத்தியின் பெயரைப் பெற்றோர் அவருக்கு இட்டிருந்தனர். அப்பெயர் அவருக்குப் பொருந்தாது என்று மாவட்டமே தீர்ப்பளித்துவிட்டது. ‘அதே வீடு’ மேடம் என்றால்தான் விருதுநகர் முதல் சிவகாசிவரை தெரியும்.

தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்நிலையை எங்கள் மையம் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வந்தது. குலுக்கலில் தேர்ந்த வீடுகளுக்கே நாங்கள் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ள விதி இடந்தந்தது. ‘மாற்று வீடு’ என்று அதற்குப் பெயர். உலகின் ஆய்வாளர் அனைவரும் அவ்விதியின் நிழலில் இளைப்பாறுகின்றனர். மேடத்துக்கு மட்டும் அது பச்சைப் புளுகு. எங்கள் கைக்கணினித் திரையின் ஓரத்தில் ‘மாற்று வீடு’ என்ற பொத்தான் நிலையாக நிற்கும். ஒருநாள் காலை வந்து பார்த்தால், எல்லாக் கருவிகளிலும் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“மேடம், ‘சேமி’ பொத்தானும் இதுக்குக் கீழதான் இருக்கு,” என்றேன்.

“அப்ப அதையும் தொடாத. பூட்டுன வீட்டுக்கு வாயில்லன்னு எவம்லே சொன்னான்? தொறக்குற வரைக்கும் போ.”

போனேன். ஒருமுறை ஒரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு சாத்தூரில் ஒரு திருமணத்திற்குப் போயிருந்தது. நானும் பின்தொடர்ந்து அனுப்பப்பட்டேன். பந்தியில் குடும்பத் தலைவரைக் கண்டு, அவர் இலைக்கு எதிரே குந்தி, “போன வாரம் எத்தனை நாள் பருப்பு சாப்பிட்டீக?” என்று வினவினேன்.

“தம்பி, இப்பச் சாப்பிடுற பருப்பைச் சேக்கணுமா, விடணுமா?” என்று அவர் நேர்மையாகவே கேட்டார்.

மணப்பெண்ணின் தாய்மாமன் வந்து என் தோளைத் தொட்டார். “யாருப்பா நீ? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

“ஆராய்ச்சிங்க.”

“அப்ப அங்கன வாசல்ல நில்லு. ஆராய்ச்சிக்காரவுகளுக்குக் கடைசிப் பந்தி.”

எங்கள் கள அலுவலகம் விருதுநகரில் ஒரு மிளகாய்வற்றல் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை அசைந்தால் மேலே அறிவுலகம் தும்மும். நிதி நல்கும் நிறுவனத்தின் பெரியவர் ஒருவர் அங்கே எங்கள் இயக்குநரின் உரையைக் கேட்டுத் தாரை தாரையாகக் கண்ணீர் வடித்தார். தம் அட்டவணைகள் மனிதரை அழவைக்கும் ஆற்றலுடையவை என்று இயக்குநர் அன்றுமுதல் நம்பலானார். “மூட்டை தூக்குனவனுக்குல்ல சால்வை போடணும்,” என்றார் மேடம், அவர் காதில் விழும்படியாகவே.

இதுவரை சிரித்தாயிற்று. இனிச் சொல்வதைச் சிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

சிவகாசிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்த பாண்டியம்மாளின் வீடு எங்கள் ஆய்வில் ஒன்று. பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைக்கும் வேலை அவருக்கு. எங்களைக் கண்டதும், “வந்துட்டீகளா? எங்க வீட்டு உப்பு எம்புட்டுன்னு கேக்காட்டி ஒங்க காலேசுல சோறு போட மாட்டாகளோ?” என்பார். மேடத்தைக் கேலி செய்யத் துணிந்த ஒரே உயிரும் அவர்தான். ஒருநாள் நான் குடையை மறந்ததற்காக மேடம் அந்த வாசலில் வெடித்துக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாள் கையமர்த்தினார்.

“டீச்சர், இங்கன வந்து கோவப்படாதீக. நாங்க மருந்து புழங்குறவுக. பொறி பட்டா ஆகாது.”

மேடத்தின் பற்களை நாங்கள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பொறி ஆலையிலேயே பட்டது. பாண்டியம்மாள் வீடு திரும்பவில்லை. நாளிதழில் அவர் பெயராகக்கூட வரவில்லை. இறந்தோர் எண்ணிக்கையில் ஒன்றாக வந்தார். அடுத்த சுற்றுக்கு நாங்கள் சென்றபோது கதவில் பூட்டுத் தொங்கியது. கணவர் முனியசாமி மகளை அழைத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

மேடம் செய்தியைத் தெரிவித்ததும், “மாற்று வீடு எடுத்துடுங்க. அறிக்கை தாமதமாகுது,” என்றார் இயக்குநர்.

“எடுத்தா என்ன ஆகும் சார்? பக்கத்து வீட்டுலயும் ஒரு பொம்பள ஆலைக்குப் போறா. அவ சம்பளம் பாண்டியம்மா எடத்துல வந்து உக்காந்துக்கிடும். ஒங்க அட்டவணையில எவளும் சாகல.”

“ஒரு வீட்டால சராசரி மாறிடாதும்மா.”

“மாறாதுதான் சார். அதுக்குத்தான் கோவப்படுதேன்.”

ஒரு வீட்டை மாற்றுவது எத்துணை எளிது என்று காட்ட இயக்குநர் தாமே மகிழுந்தில் அச்சிற்றூருக்கு வந்தார். அடுத்த வீட்டுப் பெண் தூக்குவாளியோடு ஆலை வேனுக்காக வாசலில் நின்றிருந்தார்.

“பக்கத்து வீடு பூட்டியிருக்கு. அவங்களுக்குப் பதிலா நீங்க சொன்னாப் போதும்,” என்றார் இயக்குநர்.

அந்தப் பெண் அவரை ஏறிட்டுப் பார்த்தார். “கம்பெனிக்காரவுகளும் இதையேதான் கேட்டாக. அவளுக்குப் பதிலா வாறியான்னு. இம்புட்டு நாளா ஆலையில பொட்டி ஒட்டுனேன், இன்னைக்கித்தான் அவ எடத்துக்குப் போறேன். வேன் வந்துரும், சட்டுன்னு கேளுங்க.”

“நல்லது,” என்றார் இயக்குநர். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார்.

அந்த ‘நல்லது’ என்ற சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கொடியவர் வாயிலிருந்து வந்திருந்தால் மன்னித்திருப்பேன். அது படித்தவர் வாயிலிருந்து, கனிவான குரலில் வந்தது. ஆலைக்காரர் ஓர் ஆளை நிரப்பினார். நாங்கள் ஒரு வரிசையை நிரப்ப வந்திருந்தோம். இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு என்று எந்தப் பேராசிரியராவது எனக்கு விளக்கினால் கடமைப்பட்டவனாவேன்.

மேடம் ஊரைக் கூட்டப்போகிறார் என்று அஞ்சி நான் காதுகளைத் தயார்செய்து நின்றேன். அவரோ இயக்குநரின் கையிலிருந்த கைக்கணினியை மெல்ல வாங்கித் தம் பைக்குள் வைத்தார். குடையை விரித்தார். பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அவர் கோபப்படாததைக் கண்டுதான் நான் உண்மையில் அஞ்சினேன்.

“மேடம், ஒன்னும் சொல்லாம வந்துட்டீங்களே?”

“இங்கன கோவப்படக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கால்லே.”

பேருந்து ஏறியபின் விருதுநகர்வரை எனக்கு விழுந்த வசவுகளை இங்கே எழுத இதழாசிரியர் இடந்தரமாட்டார்.

அதன்பின் தொடங்கியது தேடல். மேடம் ஆலை வேன் ஓட்டுநர்களை மறித்தார். நியாயவிலைக் கடை வரிசையில் நின்று விசாரித்தார். ஞாயிறு ஆராதனை முடித்த வெண்சேலையோடு, ஊர் ஊராக முனியசாமியின் உறவினர் வீட்டுக் கதவுகளைத் தட்டினார். இறுதியில் சாத்தூரில், முனியசாமியின் தமக்கை வீட்டில் அவர்களைக் கண்டோம். முனியசாமி எங்களைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார். விடைகளையெல்லாம் மகளே சொன்னாள். சமைப்பது யார் என்றதற்கு, “நாந்தேன்” என்றாள். மேடம் அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஒரு கேள்வியை மட்டும் அவர் தாண்டிச் சென்றதை நான் கவனித்தேன். அவளும் கவனித்திருந்தாள்.

“உப்பு கேக்கலியே டீச்சர். அம்மாகிட்ட எப்பவும் கேப்பீக.”

மேடம் குடையை இறுகப் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பை நான்தான் கேட்டேன்.

பாண்டியம்மாளின் வீடு ஆய்வில் நின்றது. அதை எடுத்தால், அறிக்கை வெளிவரத் தேவையான களச்சான்றில் கையொப்பமிட முடியாது என்று மேடம் மறுத்ததால் இயக்குநருக்கு வேறு வழியில்லை. அச்சான அறிக்கையில் அவ்வீட்டின் வரிசையில் ஓர் ஊதியம் இல்லாமற்போயிருந்தது. அவ்வளவுதான், ஆனால் அது இல்லாமற்போனது என்று அங்கே இருந்தது. நன்றியுரையில் கிடங்கு உரிமையாளர்வரை எல்லாரும் இடம்பெற்றனர், மேடம் இல்லை. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் இடத்திற்கு வேறொருவர் எளிதில் கிடைத்தார். பிளாஸ்திரிகளையெல்லாம் அந்தப் புதியவர் முதல்நாளே உரித்தெடுத்துத் திரைகளை நன்றாகத் துடைத்தார்.

அண்மையில் மேடத்தைக் காண விருதுநகரில் அவர் வீட்டுக்குச் சென்றேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு அழைத்தார்: “இங்கன வந்து விசிறிக்குக் கீழ உக்காருங்க, அவுக வந்துருவாக.” நன்றி கூறிவிட்டு, கொளுத்தும் வெயிலில் மேடத்தின் வாசற்படியிலேயே அமர்ந்தேன். வெகுநேரங்கழித்துக் காய்கறிப் பையோடு வந்தவர் தெருமுனையிலேயே தொடங்கிவிட்டார்.

“ஏலே, அறிவிருக்கா ஒனக்கு? மண்டை காயுற வெயில்ல உக்காந்திருக்க. பக்கத்து வீட்டுல போய் இருந்தா என்ன?”

நான் அவர் வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைக் காட்டினேன். ஒருகணம் என்னை உற்றுப் பார்த்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டைத் திறந்தார். உள்ளே போனபின்பும் திட்டுவதை நிறுத்தவில்லை. அவர் வாசற்படியில் வைத்துப்போன காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு, அந்தக் குரலைப் பின்தொடர்ந்து நானும் உள்ளே போனேன்.