பிறந்த வருஷத்து ஒயினும் பூண்டு சூப்பும்

லா ரோக்பெய்ரே,
ஞாயிறு காலை, திராட்சை பறிப்புக்கு முந்தைய வாரம்

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய யுகெத் அக்காவுக்கு,

தம்பி ஆன்செல்ம் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதும் கடிதம். இங்கே நான் நலம், கோழிகள் நலம், கொடியில் பழம் ஏமாற்றவில்லை. துலூஸில் உன் முழங்காலும் அத்தானின் ரத்த அழுத்தமும் ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. கிளெமான்ஸின் கல்யாணத்துக்காக நீ வாங்கிய பச்சை உடுப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. கல்யாணம் நடக்காது. காரணம் மாப்பிள்ளை அல்ல; தியெபோ தங்கமான பையன். காரணம் உன் தம்பி.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். வியாழக்கிழமை தியெபோவின் அப்பாவும் அம்மாவும் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து வந்து இறங்கினார்கள். அப்பா வெண்ட்லிங், மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சொட்டுச் சொட்டாக அளந்து பழகிய மனிதர், பேச்சும் அப்படித்தான். அவர் மனைவி, அந்த அம்மாள் பேசும்போது நாமே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம். மூன்று நாள் நம் வீட்டில் தங்கி, ஊரைப் பார்த்து, பெண் வீட்டாரையும் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பதாகப் பேச்சு. ரயில் நிலையத்திலேயே கிளெமான்ஸ் என்னை ஓரமாக இழுத்தாள். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அவங்க முன்னாடி சூப்புல ஒயின் ஊத்திக் கிண்ணத்தத் தூக்கிக் குடிக்காதீங்க." நான் என்ன காட்டுமிராண்டியா என்று கேட்டேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நம் அப்பாவும் தாத்தாவும் செய்ததுதான். சூப்பு அடியில் வந்ததும் சிவப்பு ஒயினை விட்டு ஒரு சுழற்று சுழற்றி வாய் வைத்துக் குடித்தால்தான் நமக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். இருந்தாலும் மகளுக்காக வாக்குக் கொடுத்தேன். அவள் அம்மா ஜோசெத் உயிரோடு இருந்திருந்தால் வாக்கே தேவைப்பட்டிருக்காது, மேசைக்கடியில் என் காலை ஒரு மிதி மிதித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை கோட்டைக்கு அழைத்துப் போனேன். அதை எந்தக் காலத்திலும் எவனும் பிடித்ததில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சுற்றிக் காட்டிய பெண், இங்கிலாந்துக்காரன் எத்தனை தடவை பிடித்தான் என்பதை வருஷத்தோடு ஒப்பித்தாள். அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வைக்குத் திட்டியிருந்தால் தேவலை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கோபுரத்தின் ரகசிய வழியைக் காட்டுகிறேன் என்று வெண்ட்லிங்கை முன்னால் விட்டேன். வாசல் குட்டை. மனிதர் நெட்டை. சத்தம் கீழே முற்றத்தில் நின்ற கிளெமான்ஸுக்கே கேட்டிருக்கிறது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் சமாதானமாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "அந்தக் காலத்துல எதிரி யாருன்னு இப்படித்தான் கண்டுபிடிப்போம், நம்ம ஊருக்காரன் குனிஞ்சு வருவான்" என்று சொல்லித் தொலைத்தேன். யாரும் சிரிக்கவில்லை அக்கா.

அன்று பிற்பகல் ஆற்றோரத் தோட்டத்தில் ஒயின் ருசி பார்க்கப் போனோம். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டு வாளியில் துப்பவேண்டுமாம். அந்த அம்மாள் குறி தவறாமல், ஒரு துளி சிதறாமல் துப்பினாள், பார்க்கவே மரியாதையாக இருந்தது. எனக்குத் துப்ப வரவில்லை. பக்கத்து ஊர்க்காரன் ஒரு வருஷம் பாடுபட்டுப் பிழிந்ததை அவன் கண்ணெதிரிலேயே துப்புவது எப்படி? எல்லாவற்றையும் விழுங்கினேன். விழுங்கியது வேலையைக் காட்டியது. உங்க பக்கத்து வெள்ளை ஒயின் காய்ச்சல்காரங்க குடிக்கறதுக்குத்தான் சரி என்று வெண்ட்லிங்கிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டே, "நான் காலம் பூரா காய்ச்சல்காரங்களுக்குத்தான் மருந்து குடுத்தேன். ஒருத்தருக்கும் ஒயின் குடுத்ததா ஞாபகம் இல்லீங்க" என்றார். திரும்பும் வழியில் நான் காரில் பாடினேனாம். கிளெமான்ஸ் சொன்னாள்.

சனிக்கிழமை சந்தை. நெற்றி வீக்கத்தோடு வெண்ட்லிங் வீட்டிலேயே இருந்துவிட்டார், அந்த அம்மாள் மட்டும் என்னோடு வந்தாள். முலாம்பழக்காரி ரேமோந்தைத்தான் உனக்குத் தெரியுமே. அந்த அம்மாள் போய் ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள். ரேமோந்த் இடுப்பில் கை வைத்து, "ஏம்மா, அது பழம், வாசல் மணி இல்ல. அழுத்தினா யாரும் வந்து கதவத் தொறக்க மாட்டாங்க. என்னிக்குச் சாப்பிடப் போறீங்கன்னு சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்" என்றாள். சந்தையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அதுதான் தப்பு. வீடு வரும்வரை அந்த அம்மாள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள்.

இனிமேல்தான் விஷயம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூண்டு சூப்பு, பிறகு வாத்து. மேசையில் நம் நீலக்கோடு போட்ட ஜாடி இருந்தது. அந்த ஜாடியில் என் ஒயினைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. சூப்பு அடியில் வந்தது. கை தானாகப் போய்விட்டது அக்கா. எனக்கு விட்டேன், பக்கத்தில் வெண்ட்லிங் வெறும் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார், கஞ்சத்தனம் நம் வீட்டில் கிடையாது, அவருக்கும் விட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றார். இருவரும் தூக்கிக் குடித்தோம். கடைசி மடக்கில் புளிப்புத் தொண்டையை அறுத்தது. கிளெமான்ஸ் சூப்பில் வினிகரைத் தாராளமாக விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கிண்ணத்தைக் கீழே வைத்துப் பார்த்தால் மேசையில் எல்லோர் கண்ணும் என் மேல்தான்.

அது என் ஒயின் இல்லையாம். தியெபோ பிறந்த வருஷத்து ஒயினாம். பிள்ளை பிறந்த அன்று வாங்கி, அவன் கல்யாணம் பேசும் நாளில் திறப்பதென்று இத்தனை காலம் படுக்க வைத்துக் காப்பாற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் சந்தையில் இருந்தபோது வெண்ட்லிங்கே அதைத் திறந்து காற்றாட ஜாடியில் ஊற்றி வைத்திருக்கிறார். அந்த அம்மாள் மெதுவாக, "மிச்சத்தையாவது ஆளுக்கொரு வாய் குடிப்போம்" என்றாள். பாவம், வெண்ட்லிங் துக்கத்தில் கை தவறி ஜாடியையே தட்டிவிட்டார். மேசை விரிப்பு குடித்தது.

கிளெமான்ஸ் சமையலறையில் நின்று அழுதாள். "ஒண்ணே ஒண்ணுதானப்பா கேட்டேன்" என்றாள். அந்த அம்மாள் மகனிடம், நன்றாக யோசித்துக்கொள் என்று சொன்னது கதவு வழியே எனக்கே கேட்டது. அந்த அம்மாள் மனசாரச் சம்மதிக்காத கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று கிளெமான்ஸ் மோதிரத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்று சாயங்கால ரயிலில் அவர்கள் போகிறார்கள். ஒரே பெண், அம்மா இல்லாத பெண், அவள் வாழ்க்கையை ஒரு கிண்ணம் சூப்பில் கரைத்துவிட்டேன். நீ வரவேண்டாம். வந்து என்னைத் திட்டவேண்டுமென்றால் மட்டும் வா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உன் முழங்காலுக்குச் சுகம் உண்டாகட்டும்.

தலை குனிந்து,
ஆன்செல்ம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வெண்ட்லிங் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மூன்று நாளும் என்னை 'நீங்க' என்றவர், "ஆன்செல்ம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அந்த ஒயின் செத்துப்போயிருந்ததாம். பத்திரமாக இருக்கட்டும் என்று இவர் வெந்நீர்க் கொதிகலனுக்கு மேல் அலமாரியில் வைத்திருக்கிறார், மருந்துக்கடைக்காரர் வேலை, அந்தச் சூடே ஒயினைக் கெடுத்துவிட்டது. சனிக்கிழமை திறந்து நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, அசல் வினிகர். "அவ ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. அத்தன பேர் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு உயிரக் கையில புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். நீ ஜாடியத் தூக்கின. என்னக் காப்பாத்த என் அப்பனே வந்த மாதிரி இருந்துச்சு." ஜாடியைத் தட்டியதும் வேண்டுமென்றேதானாம். கிளெமான்ஸின் சூப்பில் ஒரு குறையும் இல்லை, நான் சொன்னதை அவளிடம் சொல்லாதே.

நேற்று ராத்திரியே தன் மனைவியிடம், அப்படி ஒரு ஒயினை இதுவரை குடித்ததில்லை, அந்தச் சூப்பில்தான் அதன் ருசியே எழுந்தது என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாள் அழுதுவிட்டு, நான் உறை தேடப் போயிருந்தபோது தானே வந்து மோதிரத்தை எடுத்துக் கிளெமான்ஸ் விரலில் போட்டாள். கல்யாணம் ஜூனில். பழி மட்டும் என் மேலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பழகிவிட்டது, அவருக்குப் பழக்கமில்லை.

பிறகு எனக்கும் ஒரு பயம் வந்தது. கிளெமான்ஸ் பிறந்த வருஷம் ஜோசெத் தன் கையால் மெழுகு வைத்து மூடிய ஒயின் புட்டி கீழே நிலவறையில் இருக்கிறதே, நினைவிருக்கிறதா? நாங்கள் இருவரும் இறங்கிப் போய்த் திறந்தோம். அதுவும் வினிகர். வெண்ட்லிங் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், சிரித்து முடிக்க நேரமாயிற்று. அவர் புட்டியின் அடியில் கொஞ்சம் கசடு மிச்சம் இருந்தது. அதையும் இதையும் ஜோசெத்தின் வினிகர் ஜாடியில் ஒன்றாக ஊற்றி மூடி வைத்திருக்கிறோம். ஜூனுக்குள் பக்குவமாகிவிடும், கல்யாண விருந்துக் கீரைக்கு அதுதான்.

யாரிடமும் மூச்சு விடாதே. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப் போய்ப் பச்சை உடுப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தால் மறுபடி போய் வாங்கிக்கொள்.